பழைய மடிக்கணினியை எடைக்குப் போடாதீர்கள்

போன ஆனி மாதம் ஒரு காலை வேளை. என்னோடு பணிபுரிந்து, ஓய்வு பெற்று, சென்ற ஆண்டு காலமான நண்பரின் மனைவி வாசலில் வந்து நின்றார். கையில் மஞ்சள் பை. குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு கொடுத்து ஏழு மாதம் ஆகியும் பணம் வரவில்லை. ஓய்வூதிய ஆணையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். பிறந்த வீட்டில் ஒரு பெயர், புகுந்த வீட்டில் ஒரு பெயர் என்பது நம் பக்கத்தில் புதிதல்ல.

"அண்ணே, அவர் சர்வீஸ்ல இருக்கும்போதே பேரைத் திருத்தி ஆர்டர் வாங்கிட்டாரு. நீங்கதான் மனு டைப் அடிச்சுக் குடுத்தீங்கன்னு சொல்லுவாரு. அந்த ஆர்டர் நம்பரும் தேதியும் கொண்டு வாங்க, தேடித் தர்றோம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நம்பர் இல்லாம ரெக்கார்டு ரூம்ல தேட முடியாதாம்."

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எண் தெரியாத கோப்பைத் தேடுவது, கதவு எண் தெரியாமல் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி வீடு தேடுவது மாதிரி.

மனு அடித்தது நினைவிருந்தது. 2002-ஆம் வருஷம். ஆணை வந்த பிறகு அதைப் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லி இன்னொரு கடிதமும் அடித்தேன். அரசுக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும், 'பார்வை' என்று போட்டு, முந்தைய ஆணையின் எண்ணும் தேதியும் கட்டாயம் எழுதுவோம். ஆக, அந்தக் கடிதம் கிடைத்தால் எண் கிடைத்துவிடும். அதை அடித்த மடிக்கணினியும் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருந்தது.

அந்த மடிக்கணினியைப் பற்றி இரண்டு வார்த்தை. பாரிஸில் இருந்த என் மைத்துனர், தாம் உபயோகித்த பிறகு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது. உள்ளே விண்டோஸ் 98, அதுவும் பிரெஞ்சுப் பதிப்பு. விசைப்பலகையும் பிரெஞ்சுக்காரர்களுடையது, முதல் வரிசையில் ஆங்கிலத்துக் 'க்யூ' இருக்கும் இடத்தில் 'ஏ' இருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்குச் சிரமமில்லை. தமிழ் அடிப்பதற்காக ஒவ்வொரு விசையிலும் தமிழ் எழுத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். என் மனைவி இரண்டு தடவை அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடப் பார்த்தாள். இரண்டு தடவையும் நான் தராசிலிருந்து எடுத்து வந்தேன்.

பரணிலிருந்து இறக்கினால் உயிர் இல்லை. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பழுது பார்க்கும் கடையில் கொடுத்தேன். "போர்டு போயிடுச்சு சார், ஹார்டு டிஸ்க் மட்டும் ஓடுது" என்றார் கடைக்காரர். கழற்றி, யு.எஸ்.பி.யில் செருகும் ஒரு பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டார். மொத்தமே 6 ஜிபி. இன்றைக்குச் சட்டைப் பையில் போடும் பென் டிரைவ்கூட அதைவிடப் பெரிது.

பக்கத்து வீட்டுப் பையன் திருச்சியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். என்னைத் தாத்தா என்று கூப்பிடுவான். டிஸ்க்கைத் தன் கணினியில் செருகியதும் கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. "முடிஞ்சுது தாத்தா!" என்றான். கடிதத்தைத் திறந்தான். திரை நிறையப் பிரெஞ்சு எழுத்து! தலையில் சாய்கோடு போட்டது, கூரை போட்டது, காலில் வால் வைத்தது. ஒரு நொடி, மைத்துனர் எழுதிய கடிதமோ என்று வாசிக்கக்கூடப் பார்த்தேன். ஒரு வார்த்தைக்கும் பொருளில்லை.

காரணம் இதுதான். யூனிகோட் பரவுமுன் இருந்த தமிழ் எழுத்துருக்களுக்கு மொத்தம் 256 இருக்கைகள். முதல் பாதி பெரும்பாலும் ஆங்கிலத்துக்குப் போய்விடும். மறுபாதி பிரெஞ்சு முதலிய ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகளுக்கு. நம்மவர்கள் அந்த இருக்கைகளில் தமிழை உட்கார வைத்தார்கள். அதற்குரிய எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் இருக்கைக்கு உரியவர் எழுந்து முகம் காட்டுவார். அதிலும் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக உட்கார வைத்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியீடுகளையும் தரமாக அறிவித்தது. 2010-ல் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்று ஆணையிட்டது. அதற்குள் அடித்துக் குவித்த கடிதங்கள் எத்தனை லட்சமோ!

நான் உபயோகித்த தமிழ் மென்பொருள் இன்றைய விண்டோஸில் நிற்காது. அது இருந்த இடத்திலேயே, அதாவது அந்தப் பிரெஞ்சு விண்டோஸ் 98-க்குள்ளேயே போய்த்தான் கடிதத்தைத் திறக்க வேண்டும். "எமுலேட்டர் போடலாம் தாத்தா" என்றான் பையன்.

எமுலேட்டர் என்பது வேஷம் கட்டும் மென்பொருள். பழைய செயலி, பழைய திரை அட்டை, பழைய டிஸ்க், பழைய விசைப்பலகை எல்லாமாகத் தானே நடிக்கும். உள்ளே ஓடும் விண்டோஸ் 98, தான் இன்னும் 2002-ல் இருப்பதாகவே நம்பும். பையன் உபயோகித்தது க்யூஎமு. அதை 2003 வாக்கில் எழுதத் தொடங்கியவர் ஃபப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர். இன்று உலகமெங்கும் படமும் பாட்டும் ஓட உதவும் எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கியவரும் அவரே. எங்கள் பள்ளியில் 'எமுலாஸியோன்' என்ற சொல்லை வாத்தியார்கள் அடிக்கடி சொல்வார்கள். உன்னைவிட நன்றாகப் படிப்பவனைப் பார்த்து அவனுக்குச் சமமாக முயல் என்று பொருள். இங்கே விஷயம் தலைகீழ். வேகமான புதிய இயந்திரம், மெதுவான கிழட்டு இயந்திரத்துக்குச் சமமாக முயல வேண்டும்.

அது லேசில் நடக்கவில்லை. முதலில் டிஸ்க்கை அப்படியே ஒரே கோப்பாகப் படியெடுத்தான். மேகம் மிதக்கும் அந்த நீலவானப் படம் வந்ததும் எனக்குக் கண் கலங்கியது. அடுத்த விநாடி கறுப்புத் திரை, பிழைச் செய்தி. பையன் நாலைந்து அமைப்புகளை ஒரே சமயத்தில் மாற்றினான். வேறொரு பிழை வந்தது. மறுபடி மாற்றினான். இப்போது எது எதனால் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

அங்கேதான் குமாஸ்தாவுக்கு வேலை வந்தது. ஒரு நோட்டு எடுத்தேன். வரிசை எண், மாற்றியது என்ன, நடந்தது என்ன என்று மூன்று பத்தி போட்டேன். "ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். எழுதினதுக்கு அப்புறம்தான் அடுத்தது. முதல் படியில கை வைக்காதே, அதுக்கு இன்னொரு படி எடுத்து அதுல பண்ணு" என்றேன். ஆபீஸில் அசல் ஆவணத்தில் பேனா வைத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்!

நோட்டு போட்ட பிறகு இரண்டு காரணம் பிடிபட்டது. முதலாவது நினைவகம். அவன் தாராளமாக 2 ஜிபி கொடுத்திருந்தான். விண்டோஸ் 98-க்கு 512 எம்பியைத் தாண்டினாலே தலை சுற்றத் தொடங்கும். நினைவகம் போதவில்லை என்று அதுவே புலம்பும். இலை நிறையப் பரிமாறினால் நோயாளியால் சாப்பிட முடியாதல்லவா? 128 எம்பியாகக் குறைத்ததும் அந்தச் செய்தி போனது. இரண்டாவது வேகம். 2.1 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் செயலியில் விண்டோஸ் 98 துவங்கும்போதே விழக்கூடும் என்று மைக்ரோசாப்டே அக்காலத்தில் குறிப்பு வெளியிட்டிருந்தது. துவக்கத்தில் அது ஒரு கணக்குப் போட்டு நேரம் அளக்கும். செயலி மிக வேகமாக முடித்துவிட்டால் விடை பூஜ்யமாகி, பூஜ்யத்தால் வகுக்கப் போய் விழுந்துவிடும். பையன் தன் கணினியின் நிஜச் செயலியையே நேராக உள்ளே காட்டியிருந்தான். அதை நிறுத்தி, முழுக்க வேஷத்திலேயே ஓட விட்டதும் நிதானமாக எழுந்து நின்றது.

அதற்கு மேல் திரையில் வந்ததெல்லாம் பிரெஞ்சு. பையன் என் முகத்தைப் பார்த்தான். எஃப் 8 விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் 'மோத் ஸான் எஷெக்' என்று இருந்ததைக் காட்டினேன். ஆங்கிலத்தில் 'சேஃப் மோட்' என்பார்களே, அது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'தோல்வியில்லா முறை'. அதில் நுழைந்து, இப்போது இல்லாத பழைய மடிக்கணினியின் பாகங்களைப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினோம். மறுபடி துவக்கியதும் அது புதுப் பாகங்களைத் தானே அடையாளம் கண்டுகொண்டது. 'ஏ' அடித்தால் 'க்யூ' விழுந்ததைப் பார்த்துப் பையன் அதையும் பிழை என்று நோட்டில் எழுதினான். அது பிழையில்லை, பிரெஞ்சு என்று நான் அடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடிதம் திறந்தது. சுத்தத் தமிழில். பார்வை: எண், தேதி. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். பதிவறையில் இரண்டே நாளில் கோப்பு கிடைத்தது. சென்ற மாதம் நிலுவையோடு ஓய்வூதியம் வந்துவிட்டது.

இனி என் அபிப்பிராயம். "பேப்பர்ல ஒரு நகல் வெச்சிருந்தா இவ்வளவு கூத்து எதுக்கு?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. கடைசியில் வேலையை முடித்துக் கொடுத்ததும் காகிதக் கோப்புதான். நம் திருத்தவத்துறைக் கோயில் சுவரில் உள்ள சோழர் கல்வெட்டுகளை வாசிக்க எந்தச் செயலியும் வேண்டாம். பழைய எழுத்து தெரிந்த ஒருவர் போதும். இங்கிலாந்தில் 1086-ல் எழுதிய டூம்ஸ்டே நிலப்பதிவேடு இன்றும் படிக்கும்படி இருக்கிறது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டுக்காக பிபிசி 1986-ல் லேசர் வட்டில் செய்த புதிய டூம்ஸ்டேயோ, இருபது வருஷம் ஆகுமுன்பே வாசிக்க இயந்திரம் அரிதாகித் திண்டாடியது. அதையும் எமுலேட்டர் மூலம்தான் மீட்டார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் காகிதத்தில் வைக்கும் காலம் போய்விட்டது. காகிதத்துக்காவது ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என ஆயுள் குறித்து வைத்தோம். கணினிக் கோப்புக்கு அப்படி யார் குறித்தார்கள்? இயந்திரம் பழுதானால் அதோடு உடன்கட்டை ஏறுவதுதான் அதன் விதி என்று விட்டுவிட்டோம். கோப்பை மட்டும் காப்பாற்றினால் போதாது என்பதை அந்தப் பிரெஞ்சு எழுத்துக் குப்பை எனக்குக் காட்டிவிட்டது. அதை வாசிக்கும் எழுத்துரு, மென்பொருள், இயங்குதளம் எல்லாம் சேர்ந்ததுதான் ஆவணம். 2010-க்கு முன் அடித்த கோப்புகள் வைத்திருக்கும் அலுவலகங்கள், அந்த மென்பொருள்களை அறிந்த மனிதர்கள் உயிரோடிருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். அசலையும் எழுத்துருவோடு சேர்த்து வைக்க வேண்டும். மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன; என் கடிதங்களை நானே என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு மாற்றிவிட்டு, சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் பழைய கணினி இருந்தால், எடைக்குப் போடுமுன் டிஸ்க்கைக் கழற்றி முழுசாக ஒரு படி எடுக்கச் சொல்லுங்கள். என்ன விண்டோஸ், எவ்வளவு நினைவகம், எந்தத் தமிழ் மென்பொருள், கடவுச்சொல் என்ன என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். எமுலேட்டரில் ஓட்டினால் இணையத்தோடு மட்டும் இணைக்காதீர்கள். விண்டோஸ் 98-க்கு 2006 ஜூலையோடு மைக்ரோசாப்ட் பாதுகாப்பு கொடுப்பதை நிறுத்திவிட்டது. கதவில்லாத வீடு அது.

எல்லாம் முடிந்து பையன் அதை மூடும்போது, கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வரி வந்தது. "என்ன தாத்தா சொல்லுது?" என்றான். இப்போது உங்கள் கணினியைப் பாதுகாப்பாக அணைக்கலாம் என்று சொல்கிறது என்றேன். அணைக்கலாம் என்றுதான் சொல்கிறது, எடைக்குப் போடலாம் என்று சொல்லவில்லை. இதையும் என் மனைவியிடம் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன்.