கேட்கத் தகுந்தது, வாங்கத் தகுந்தது



கணினியின் வழியே வீட்டில் இசை கேட்பதற்கு எந்தக் கருவியை வாங்குவது, எந்த மென்பொருளை நிறுவுவது என்னும் வினா அண்மைக் காலமாக நம்மிடம் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. வினவுவோர் பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்த பெற்றோர். டேப் ரிக்கார்டர் பழுதாயிற்று; அதைப் பழுது பார்ப்பவரோ கடையை மூடிவிட்டார். கைப்பேசியின் சிறு துளையிலிருந்து வரும் ஒலி காதுக்கு நிறைவு தருவதில்லை. கடைக்குச் சென்றாலோ, விற்பவர் கூறும் சொற்களில் பாதி விளங்குவதில்லை. என் செய்வது என்கின்றனர்.

இவ்வினாவில் இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று, வியர்வை சிந்திச் சேர்த்த பணம். மற்றொன்று, ஒருமுறை போனால் மீளாத குரல்கள். எனவே இதனைச் சற்று விரிவாகவே இத்திங்கள் ஆராய்வோம்.

முதலில் ஒரு நற்செய்தி. இசை கேட்பதற்கென்று புதிய கணினி வாங்க வேண்டியதில்லை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவ மாணவியர்க்கு எல்காட் நிறுவனத்தின் வழியாக விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் அத்தகைய மடிக்கணினி உறங்காத அலமாரி அரிது எனலாம். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குச் சென்றுவிட்டனர். கணினி மட்டும் தூசி படிந்து கிடக்கின்றது. அதனைத் துடைத்து எடுங்கள். பாடல் ஒன்றை இயக்குவது கணினிக்கு மிக எளிய வேலை. பத்தாண்டு பழைய கணினியும் அதனைக் களைப்பின்றிச் செய்யும்.

அதிலுள்ள விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. புதிய விண்டோஸ் 11 இப்பழைய கணினிகள் பலவற்றில் ஏறாது. ஆயினும் அஞ்ச வேண்டாம். இணைய இணைப்பின்றி இசைக்கு மட்டுமே வைத்துக்கொண்டால் பழைய தளமே போதுமானது. இணையமும் வேண்டுமென்போர், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் தளம் ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பதும் அவ்வகையைச் சேர்ந்ததே.

இனி, தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். தேர்தல் முறையைக் கல்லில் பொறித்துவைத்த ஊர் நம்முடையது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் இங்கு வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. அவற்றில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. குடத்தில் ஓலை இடுவதற்கு முன்பே, இன்னின்ன தகுதி உடையவர் பெயரை எழுதலாம், இன்னின்ன குறை உடையவர் பெயரை எழுதலாகாது என்று அவர்கள் வகுத்துவிட்டனர். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்பது அவ்விதிகளுள் ஒன்று. கடைவீதிக்குப் புறப்படுமுன் நாமும் அவ்வாறே தகுதியையும் தகுதியின்மையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வோமாக. எந்த அறையில் கேட்கப் போகின்றோம்? எத்தனை பேர் கேட்கப் போகின்றோம்? பாட்டு நம்மிடம் எந்த வடிவில் உள்ளது? எவ்வளவு செலவிட இயலும்? இந்நான்கிற்கும் விடை எழுதியவரை எந்த விற்பனையாளரும் எளிதில் மயக்க இயலாது.

எதற்கு முதலில் செலவிடுவது?

ஏரிப் பாசனம் அறிந்த நம் மக்களுக்கு இதனை எளிதில் உணர்த்தலாம். ஏரி நிறைந்திருந்தாலும் மதகு அடைபட்டிருந்தால் வயலுக்கு நீர் வராது. மதகு நன்றாயிருந்தும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் பயிர் வாடும். இசைக்கும் அவ்வாறே. சேமித்து வைத்த பாடற்கோப்பு ஏரி, மென்பொருள் மதகு, எண்களை மின்னலைகளாக மாற்றும் பகுதி வாய்க்கால், ஒலிபெருக்கியும் அது வீற்றிருக்கும் அறையும் வயல். இவற்றுள் ஒலியை மிகுதியாக மாற்றுவன ஒலிபெருக்கியும் அறையுமே. ஆகவே கையிலுள்ள தொகையில் பெரும்பகுதியை நல்ல இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு, அல்லது ஒருவரே கேட்பதாயின் நல்ல ஹெட்போனுக்கு, ஒதுக்குங்கள். ஐந்து சிறு பெட்டிகளும் ஒரு பெரிய பெட்டியும் கொண்ட தொகுப்பு கண்ணைக் கவரும். அதே விலையில் கிடைக்கும் தரமான இரண்டு பெட்டிகளே பெரும்பாலும் காதுக்கு இனிமை தரும். பெருக்கி உள்ளேயே அமைந்த ஒலிபெருக்கிகளை வாங்கினால், தனியாக ஆம்ப்ளிஃபயர் வாங்கும் செலவும் மிச்சமாகும்.

வாங்கியதை ஷோகேஸுக்குள் திணித்து வைப்பது வீண். இரு பெட்டிகளும் அமர்ந்திருப்போரின் காது உயரத்தில், சுவரை ஒட்டாமல், கேட்பவரோடு ஒரு சம முக்கோணம் அமையுமாறு இருத்தல் நலம். தகரக் கூரையும் வெறுஞ்சுவரும் எதிரொலியைப் பெருக்கும். தரையில் பாய், சாளரத்தில் தடித்த திரை, எதிர்ச்சுவரில் பழைய ஜமுக்காளம் ஆகியவற்றை விரித்துப் பாருங்கள். காசு செலவின்றிக் கிடைக்கும் இம்மாற்றம் பலரை வியப்பில் ஆழ்த்தியுள்ளது.

மடிக்கணினியில் ஹெட்போன் சொருகும் துளையிலிருந்து இரைச்சல் வருகின்றதா? முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குறை மின்னிணைப்பில் உள்ளது. பழைய வீடுகளில் எர்த் இணைப்பு அறுந்திருப்பது வழக்கம். மின்பணியாளரைக் கொண்டு அதைச் செப்பனிடுவது இசைக்கு மட்டுமன்றி உயிருக்கும் காப்பு. சார்ஜரைக் கழற்றிய பின்னும் இரைச்சல் நீங்காவிடில், டாக் எனப்படும் சிறு மாற்றுக் கருவி ஒன்றை யுஎஸ்பி துளையில் இணைக்கலாம். எளிய கருவியே இல்லத்திற்குப் போதும். இரைச்சல் இல்லாத வீட்டில் அதுவும் வேண்டியதில்லை. பொன்முலாம் பூசிய விலையுயர்ந்த கம்பிகளைப் பற்றிக் கேட்கவும் வேண்டா.

எந்த வடிவில் சேமிப்பது?

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியலையை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாகப் பதிகின்றது. மனிதச் செவி ஏறத்தாழ நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே உணரும். அதைப் பிழையின்றிப் பதிய இருமடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும் என்பதே அவ்வெண்ணின் காரணம். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது. இவ்வாறு பதியும்போது ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் தேவை.

எம்பி3 என்னும் முறை, செவிக்கு எளிதில் புலப்படாத பகுதிகளை நீக்கிக் கோப்பைச் சுருக்குகின்றது. நீக்கியது நீக்கியதே; மீண்டும் வாராது. ஃபிளாக் என்னும் முறையோ, துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது போன்றது. இடம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்; விரித்தால் ஓர் இழையும் குறையாது. ஆகவே மூலப் பதிவை ஃபிளாக் வடிவில் வையுங்கள். கைப்பேசிக்கும் வாகனத்திற்கும் வேண்டுமாயின் அதிலிருந்து எம்பி3 படி எடுத்துக்கொள்ளலாம். எம்பி3 கோப்பை ஃபிளாக்காக மாற்றினால் தரம் உயரும் என்று நம்ப வேண்டா. ஆடையேடு நீக்கிய பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றினால் ஏடு திரும்புமோ?

எந்த மென்பொருள்?

மென்பொருளுக்கும் தகுதிகளை வகுப்போம். இணையமின்றி இயங்க வேண்டும். தமிழ் எழுத்தில் பாடற்பெயரைக் காட்ட வேண்டும். ஃபிளாக், எம்பி3 இரண்டையும் இயக்க வேண்டும். நம்மைப் பற்றிய விவரங்களைத் திரட்டிக்கொண்டு கணக்குக் காட்டாத மென்பொருளுக்குக் குடத்தில் ஓலை இல்லை. விஎல்சி என்பது ஏறத்தாழ எல்லா வடிவங்களையும் இயக்கும், விலையில்லை. பாடல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளோர்க்கு விண்டோஸில் ஃபூபார்2000, லினக்ஸில் ஸ்ட்ராபெரி ஆகியவை ஏற்றவை. ஒரு பாட்டு மெல்லவும் மறு பாட்டு உரக்கவும் ஒலிக்கும் தொல்லையை நீக்க ரீப்ளேகெயின் என்னும் வசதி இவற்றில் உண்டு. அது மூல ஒலியைக் கெடுக்காமல் அளவை மட்டும் சமன் செய்கின்றது. ஒலியை மிகைப்படுத்தும் செயற்கைச் சேர்க்கைகளை அணைத்துவிட்டு ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். நாதசுரம் நாதசுரமாகவே ஒலிக்கும்.

கோப்புகளுக்குப் பெயரிடும்போது யூனிகோட் எழுத்தையே கையாளுங்கள். பழைய எழுத்துரு முறைகளில் எழுதிய பெயர்கள் வேறு கணினியில் புரியாத கிறுக்கல்களாகத் தோன்றும்.

சந்தா செலுத்தி இணையவழி கேட்கும் சேவைகள் வசதியானவையே. ஆயினும் அவை வாடகை வீடு போன்றவை. சந்தா நின்றால் பாட்டும் நின்றது. மேலும், கோடி பாடல்கள் கொண்ட அச்சேவைகளில் உங்கள் தந்தையின் குரல் இருக்காது.

பரணில் கிடக்கும் குரல்

இவ்விடத்தில்தான் நாம் சொல்ல விழைந்ததன் கரு உள்ளது. நாம் அறிந்த ஓர் இல்லத்தில் பெருந்தொகை செலவிட்டுப் புதிய ஒலித்தொகுப்பு வாங்கினர். அதே வீட்டுப் பரணில், மறைந்த பெரியவர் தம் மகளின் திருமணத்தன்று பாடிய ஒலிநாடா ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது பாதி நாடாவில் பூஞ்சை படர்ந்திருந்தது. எஞ்சிய பாதியில் அவர் பாடிய இரண்டு பாடல்கள் மீட்கப்பட்டன. அவற்றைக் கேட்ட மூதாட்டியார் புதிய தொகுப்பின் விலையை வினவவேயில்லை. "இன்னொரு முறை வையுங்கள்" என்று மட்டும் கூறினார்.

எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவரது குரலை இன்றும் நாம் கேட்கின்றோமெனில், ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடமே ஓடிய இசைத்தட்டுகளை எவரோ பேணிப் பின்னர்ப் புதிய வடிவங்களுக்கு மாற்றியதே காரணம். பெரும்பாடகருக்கு நாடே காவல். நம் பாட்டனாருக்கு நம்மையன்றி யார் காவல்?

செய்முறை கடினமன்று. இயங்கும் டேப் ரிக்கார்டர் ஒன்றைத் தேடிப் பெறுங்கள். அதன் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். நாடாவை ஒருமுறை முழுதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓட்டுங்கள். வெண்பூஞ்சை தென்பட்டால் ஓட்டாமல் அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள். ஒலி மங்கலாக இருப்பின் ஹெட்டின் பக்கத்துச் சிறு திருகைத் தொழிலறிந்தவர் சீராக்கித் தருவார். பின்னர் ஒலியை உள்வாங்கும் யுஎஸ்பி கருவியின் வழியே கணினியில் இணைத்து, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் பதியுங்கள். அளவுகாட்டி சிவப்பைத் தொடாமல் இருத்தல் முக்கியம். மிகையாகப் பதிந்து சிதைந்த ஒலியைச் சீர்செய்வது அரிது. ஒரு மணி நேர நாடாவிற்கு ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை. யார் பாடியது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதையும் உடனே எழுதுங்கள். அதனைச் சொல்லக்கூடியவர்கள் இன்று உயிரோடு இருக்கின்றனர்.

பதிந்ததை இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டிலும் மற்றொன்று உடன்பிறந்தார் வீட்டிலும் இருக்கட்டும். 1 டெராபைட் வன்தட்டில் ஃபிளாக் வடிவில் 2,000 மணி நேரத்திற்கும் மேற்பட்ட இசை அடங்கும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டையும் இயக்கிச் சரிபாருங்கள். மின்வெட்டு மிகுந்த இடங்களில், பேட்டரி செயலிழந்த மடிக்கணினியில் பதிவு செய்ய முற்படாதீர்கள். இடையில் மின்சாரம் நின்றால் பதிந்தது பாழாகலாம்.

பிறருடைய உழைப்பையும் மதிப்போம். நம் நாட்டுச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பாட்டையும் இசையையும் ஆக்கியோரின் உரிமை தனியே உண்டு. அது அவர்தம் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் தொடரும். சிறு தொகைக்கு மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவோரிடம் செல்வது நமக்கு அழகன்று.

இறுதியாக, இளைஞர்க்கு ஒரு சொல். 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரமே செவிக்குத் தீங்கற்ற எல்லை என உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒலி மிகமிகக் காலம் விரைந்து குறையும். கைநீட்டும் தொலைவில் நிற்பவர் கத்தினால்தான் கேட்கும் என்னும் நிலை வந்தால், ஒலியைக் குறைத்துவிடுங்கள். இழந்த செவிப்புலனை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

ஒவ்வொருவரும் தத்தம் காதில் ஒன்றைச் சொருகிக்கொண்டு ஒரே கூரையின்கீழ் தனித்திருப்பது இன்றைய இல்லங்களின் இயல்பாகிவிட்டது. வாரத்தில் ஒரு மாலைப்பொழுதேனும் பொது அறையில் ஒலிபெருக்கியை வைத்து, பாய் விரித்து, குடும்பத்தோடு அமருங்கள். முதல் பாட்டை வீட்டின் மூத்தவர் தெரிவு செய்யட்டும். அடுத்ததை இளையவர் தெரிவு செய்யட்டும். புதிதாக எதையும் வாங்குமுன், இத்திங்களிலேயே பரணில் ஏறி அப்பெட்டியை இறக்குங்கள். வரும் மழைக்காலத்தின் ஈரம் உங்களுக்காகக் காத்திராது.