ரிசீவர் செத்துப்போச்சுன்னு யார் சொன்னது?

2024 துர்கா பூஜைக்கு முந்தின வாரம். அரையாண்டுக் கணக்கு ஆணிகளையெல்லாம் ஒருவழியாகப் பிடுங்கி முடித்துவிட்டு, கொல்கத்தா வீட்டுக்கு வந்து, கொஞ்ச நேரம் எஃப்.எம். கேட்கலாம் என்று ரிசீவரை ஆன் செய்தால் சத்தத்தையே காணோம். டிஸ்ப்ளே எரிகிறது. நாலு விநாடி கழித்து உள்ளே 'டிக்' என்று ரிலே விழுகிறது. ஸ்பீக்கர் மட்டும் மௌன விரதம்.

இந்த ரிசீவர் 1994-இல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. அப்போது நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நாலு ஊருக்கு மாற்றலாகி, ஒவ்வொரு தடவையும் பழைய போர்வையில் சுற்றி, லாரியில் கூடவே வந்தது. சித்தப்பா இப்போது இல்லை. அதனால் இதைத் தூக்கிப் போடுவது என்பது என்னைப் பொறுத்தவரை வெறும் பத்துக்கிலோ இரும்பைத் தூக்கிப் போடுகிற விஷயம் இல்லை.

ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். மூடியைக் கழற்றவில்லை. பின்னால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வால்யூமை இரண்டு சுற்று சுற்றினார். "தாதா, இது போயிடுச்சு. இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் கிடையாது, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்து போனதற்கு 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தங்கமணி அன்று இரவே போனில் சவுண்ட்பார் பார்க்க ஆரம்பித்துவிட்டார் :-)

மறுநாள் காலை டார்ச் அடித்துப் பார்த்தால், முன்பக்கம் 'டேப் மானிட்டர்' பட்டன் உள்ளே அமுங்கியிருக்கிறது. பூஜைக்கு வீடு சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று முந்தின நாள் துடைத்தவன் நான்தான். அந்தப் பட்டன் அமுங்கியிருந்தால், ரேடியோவோ சிடியோ, எதை வைத்தாலும் ரிசீவர் பின்னால் இருக்கும் கேசட் டெக்கிலிருந்துதான் சத்தத்தை எதிர்பார்க்கும். டெக்கே இல்லாத வீட்டில் எங்கிருந்து வரும்? பட்டனை வெளியே எடுத்தேன். பாட்டு வந்துவிட்டது. ரிப்பேர் செலவு பூஜ்யம், 'செத்துப்போச்சு' என்று சொன்னதற்குச் செலவு 400.

நான் வேலை பார்க்கிற துறையில் ஒரு கடனை வாராக்கடன் என்று சொல்ல 90 நாளுக்கு மேல் பாக்கி நிற்க வேண்டும். சொன்ன பிறகும் 12 மாதம் வரை தரக்குறைவு என்ற வரிசையில்தான் இருக்கும், அப்புறம்தான் சந்தேகத்துக்குரியது. எடுத்த எடுப்பில் யாரும் தள்ளுபடி செய்வதில்லை. வீட்டுச் சாமான் விஷயத்தில் மட்டும் நமக்கு ஏன் இவ்வளவு அவசரம்? பழைய ரிசீவர்களில் வருகிற கோளாறுகளில் நிறைய, ஸ்குரூ டிரைவரே எடுக்காமல் கண்டுபிடிக்கக்கூடியவை. எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத ஒரு காமர்ஸ்காரனுக்கே பிடிபடுகிறது என்றால் பாருங்களேன்.

சத்தமே இல்லையென்றால், டேப் மானிட்டரை அடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர் 'ஏ', 'பி' சுவிட்ச். இரண்டும் அணைந்திருந்தால் யார் குற்றம்? அப்புறம் ஹெட்போன் துளை. அதில் பிளக்கைச் செருகினால் ஸ்பீக்கரைத் துண்டிக்கிற தகடு ஒன்று பல செட்டுகளில் உள்ளே இருக்கும், அது அழுக்கேறி நின்றுவிடும். ஹெட்போன் பின்னைப் பத்துத் தடவை செருகி எடுத்தால் பல சமயம் சரியாகிவிடும். சில செட்டுகளில் பின்பக்கம் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்று இரண்டு ஜோடித் துளைகளை U வடிவக் கம்பி இணைத்திருக்கும். வீடு மாற்றும்போது அந்தக் கம்பி விழுந்து தொலைந்தாலும் இதே மௌனம்தான்.

ஆன் செய்ததும் ரிலே விழவே இல்லை, அல்லது விழுந்து உடனே அணைந்துவிடுகிறது என்றால் அது 'ப்ரொடெக்‌ஷன்'. ரிசீவர் தன்னையும் ஸ்பீக்கரையும் காப்பாற்றிக்கொள்கிறது, திட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் வயர் அத்தனையையும் கழற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது நிலையாக நின்றால் குற்றம் வயரில். முறுக்கிய செம்பிலிருந்து ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் போதும். வயரே இல்லாமலும் அணைந்தால் உள்ளே அவுட்புட் டிரான்சிஸ்டர் போல ஏதோ போயிருக்கலாம். அது நம்ம வேலை இல்லை, தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். மூடியைத் திறக்கத் துணியாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் பாடவில்லையா? இதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. இடது ஸ்பீக்கர் ஊமை என்று வையுங்கள். செட்டை அணைத்துவிட்டு, ரிசீவர் முனையில் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் போடுங்கள். இப்போதும் அதே இடது ஸ்பீக்கர்தான் ஊமையென்றால் ஸ்பீக்கரோ அதன் வயரோ கெட்டிருக்கிறது. ஊமை வலது ஸ்பீக்கருக்குத் தாவினால், ஸ்பீக்கர்கள் நலம், கோளாறு ரிசீவரிலோ அதற்கும் முன்னாலோ. வயர்களைப் பழையபடி வைத்துவிட்டு, அடுத்து சிடி பிளேயரிலிருந்து வரும் சிவப்பு வெள்ளை பின்களை மட்டும் ரிசீவர் முனையில் மாற்றுங்கள். ஊமை இடம் மாறினால் பிளேயரோ கேபிளோ, மாறாவிட்டால் ரிசீவர். ஐந்து நிமிஷ வேலை. எங்கள் கிளையில் கணக்கு ஒட்டாதபோது பாதி பாதியாகப் பிரித்து டேலி பண்ணுவோமே, அதே கதைதான்.

வால்யூம் திருகும்போது கரகரவென்று வந்தால், உள்ளே கரித்தடத்தில் அழுக்கு. செட்டை அணைத்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவை சுற்றினாலே பாதி போய்விடும். மீதிக்கு எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் என்று தனியாக ஸ்ப்ரே விற்கிறது. கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்துவிடாதீர்கள். கொல்கத்தா போலப் புழுக்கமான ஊரில் செட்டைச் சும்மா வைத்திருந்தால்தான் இந்தத் தொல்லை அதிகம். வாரம் ஒரு தடவையாவது பாடவிடுங்கள்.

'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். கூடவே கூடிக் குறைந்தால் கோளாறு வால்யூமுக்கு முன்னால், அதாவது வெளியிலிருந்து வருகிற ஏதோ ஒரு கருவியிலோ கேபிளிலோ. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள். என் வீட்டில் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றியதும் நின்றது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அதே அளவு ஹம் என்றால் பவர் சப்ளையில் கெபாசிட்டர் வயதாகிவிட்டது என்று சந்தேகப்படலாம், மாற்றிக்கொள்ளலாம். ஹம் போக வேண்டும் என்று மூன்று பின் பிளக்கில் எர்த்தைக் கழற்றுகிற புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். உயிரோடு விளையாட வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து பையன் கொண்டுவந்த செட் என்றால் பின்னால் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம்ம 230-இல் நேராகச் செருகினால் அப்புறம் எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

இனி தங்கமணி பக்க நியாயம். புது டிவியில் பழைய சிவப்பு வெள்ளைத் துளை இல்லை, ஆப்டிகல் துளைதான் இருக்கிறது. ரிசீவரிலோ ஹெச்.டி.எம்.ஐ. கிடையாது, அது 2002-இல்தான் வந்தது. நடுவில் ஒரு சின்ன டி.ஏ.சி. பெட்டி போட வேண்டும், டிவி செட்டிங்கில் ஒலியை பி.சி.எம். என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் டால்பி சிக்னலைப் புரிந்துகொள்ளாமல் பெட்டி சும்மா இருக்கும். ரிமோட் இரண்டாகிறது. இடம் அடைக்கிறது, சூடாகிறது. இதெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று. 2025 மே மாதம் இந்த ரிசீவர் நிஜமாகவே மக்கர் பண்ணியது. ஒரு பக்கம் சத்தம் மெதுவாக வைத்தால் வராது, கூட்டினால் 'பட்'டென்று வரும். சாந்தினி மார்க்கெட்டில் ஒரு சந்துக்குள் வயதான ஒரு மிஸ்திரி, கேட்ட மாத்திரத்தில் "ரிலே கான்டாக்ட்" என்றார். திறந்து, பழைய ரிலேயை உருவி, புதுசு வைத்துப் பற்றவைத்து, கூலியோடு 450 ரூபாய். அவருக்கு முடிந்ததற்குக் காரணம், அந்தக் கால செட்டில் ஒவ்வொரு சாமானும் கண்ணுக்குத் தெரியும் அளவில், கையால் உருவி எடுக்கும்படி இருக்கிறது. இப்போது வரும் செட்டுகளில் பொடிப்பொடிச் சில்லுகள், ஒன்று போனால் போர்டையே மாற்று என்கிறார்கள், போர்டு விலையைக் கேட்டால் புதுசே வாங்கலாம் போலிருக்கிறது. மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது, நல்ல விஷயம். ஆனால் சர்க்யூட் படத்தையும் உதிரி பாகத்தையும் அந்த மிஸ்திரி மாதிரி ஆட்களுக்குக் கம்பெனிகள் கொடுத்தால்தானே அவர் கைக்கு வேலை இருக்கும்? அவருடைய மகன் பக்கத்திலேயே மொபைல் கவர் விற்றுக்கொண்டிருந்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோன செட்டையோ, அந்தக் கம்பெனி மட்டுமே செய்த ஐசி போன செட்டையோ வைத்துக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதை ஒரு மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம். என் ரிசீவரில் இப்போது டிஸ்ப்ளே மங்கிக்கொண்டு வருகிறது, எந்த ஸ்டேஷன் என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மிஸ்திரியிடம் கேட்டேன். "காது நல்லாத்தானே இருக்கு தாதா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.