சிட்சை என்றால் தண்டனையா?



கணவரைப் பறிகொடுத்தவளிடம், "ஆண்டவர் உன்னைச் சிட்சிக்கிறார், பொறுத்துக்கொள்" என்று சொல்பவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். 2009இல் ஷெல்லடியில் பிள்ளையை இழந்த தாய்மாரிடமும் இப்படிச் சொன்னவர்கள் உண்டு. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். கேட்பவளுக்கோ, "என் பாவத்துக்காகவா பிள்ளை போனது?" என்ற கேள்வி நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிடுகிறது.

இயேசு அப்படிச் சொல்லவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசியபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றார் (லூக்கா 13). மனந்திரும்புதல் எல்லோருக்கும் வேண்டும் என்றாரே தவிர, செத்தவர்கள்மீது குற்றம் சுமத்தவில்லை.

எபிரேயருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் சிட்சை என்று வருவது கிரேக்கத்தில் 'பைதேயா'. பிள்ளை என்னும் சொல்லிலிருந்து பிறந்தது அது. பிள்ளையை வளர்ப்பது, பழக்குவது, பிழை கண்டால் திருத்துவது எல்லாம் அதில் அடங்கும். அந்த நிருபத்தை முதலில் வாசித்தவர்களும் உடைமைகளைப் பறிகொடுத்தவர்கள், அவமானப்பட்டவர்கள். அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் மனிதர். அதற்குள்ளும் தகப்பன் பிள்ளைகளைக் கைவிடாமல் வளர்க்கிறார் என்பதே நிருபத்தின் பேச்சு. அந்த நேரத்தில் அது நோகத்தான் செய்யும் என்பதையும் அது மறைக்கவில்லை.

தையல் பழகியவர்களுக்கு இது விளங்கும். கோணிப்போன தையலை ரீச்சர் பிரிக்கச் சொல்வார். எரிச்சல் வரும். ஆனால் அவர் துணியைக் கிழிக்கமாட்டார். துணி வீணாகக் கூடாது என்றுதான் தையலைப் பிரிக்கச் சொல்கிறார்.

நமக்குள்ளும் பிரிக்கவேண்டிய தையல்கள் உண்டு. யார்மீதோ உள்ள ஆத்திரத்தைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் முதுகில் தீர்க்கிறோம். வீட்டுத்திட்டப் பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் வந்துவிட்டதென்று அவளோடு கதைக்காமல் விடுகிறோம். போரை நாம் கொண்டுவரவில்லை. இவை நம் கையில் உள்ளவை. ஜெபிக்கும் நேரத்தில் இவை மனதைக் குத்தினால், அதைச் சிட்சை என்று எடுத்துக்கொள்ளலாம். கசப்பின் வேரைப் பற்றி அதே அதிகாரம் எச்சரிப்பதும் இதனால்தான்.

(கணவன் அடிப்பதையும் சிட்சை என்று பொறுக்கச் சொல்லும் புத்திமதியை நான் ஏற்கமாட்டேன். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.)

யோபுவிடம் வந்த மூன்று நண்பர்களும் முதல் 7 நாளும் வாய் திறவாமல் அவனோடு தரையில் இருந்தார்கள். பிறகு பேசத் தொடங்கி, நீ பாவம் செய்திருப்பாய் என்று வாதாடினார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்தது அந்த நண்பர்கள்மீது. துக்க வீட்டுக்குப் போகும்போது அந்த 7 நாளை நினைத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். பிள்ளைகளைக் குளிக்க வாருங்கள். அவள் அழுதால் பக்கத்தில் இருங்கள்.