பிற்பாதி சொல்லப்படாத கதை

சென்ற மாதம் எங்கள் நோர்வூட்டிலே, பக்கத்துத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாகவிருந்து ஓய்வுபெற்ற முதியவரொருவர், மடித்து மடித்துக் கிழிந்த பத்திரிகைத் துண்டொன்றை என்னிடம் நீட்டினார். "வாத்தியாரய்யா, இந்த மருந்து நம்ம பக்கம் எப்ப வரும்?" என்றார். பரம்பரையலகை மௌனமாக்கி, விழித்திரையில் வேண்டாது முளைக்கும் குருதிக்கலன்களை அடக்கும் சிகிச்சை பற்றிய செய்தி அது. நெடுநாள் நீரிழிவுக்காரரான அவர், அதை நம்பி ஈராண்டாகக் கண் வைத்தியரிடம் போகவேயில்லை.

அவரை நான் குறைகூறேன். எழுதுவோரும் கற்பிப்போருமாகிய நாமே கதையின் முற்பாதியோடு நிறுத்திவிட்டோம்.

முற்பாதி இனியதுதான். ஈரிழை ஆர்.என்.ஏ. துண்டு ஒரு பரம்பரையலகின் செய்தியை அழித்து அதனை வாய்மூடச் செய்யும் என்று, புழுவொன்றை ஆராய்ந்த அன்ட்ரூ ஃபயரும் கிரேக் மெலோவும் 1998இல் காட்டினர். 2006இல் நோபல் பரிசு பெற்றனர். குருதிக்கலன்களை முளைக்கத் தூண்டும் புரதத்தின் செய்தியை அழிக்கவென்று பெவாசிரானிப் என்னும் மருந்து எழுந்தது.

பிற்பாதியை எவர் சொன்னோம்? 2008இல் ஜெயகிருஷ்ண அம்பாட்டி குழுவினர் எலிகளின் கண்ணில் ஒரு விந்தை கண்டனர். மின்மினிப் பூச்சியின் பரம்பரையலகுக்கு எதிராக அமைத்த துண்டும் குருதிக்கலன்களை ஒடுக்கிற்று! எலியிடம் அப்பரம்பரையலகே இல்லை. ஆகவே மருந்து தன் குறியைத் தொட்டுத்தான் வென்றது என்பதற்கில்லை. அந்நியத் துண்டைக் கண்ட உயிரணுவின் எதிர்ப்புணர்வே அவ்விளைவைத் தந்திருக்கலாம். (இந்த மின்மினியைச் சொன்னால் என் வகுப்பின் பின்வரிசையும் விழித்துக்கொள்கிறது.) 2009 மார்ச்சில் பெவாசிரானிப்பின் மூன்றாங்கட்டச் சோதனை, எதிர்பார்த்த பயன் கிட்டாதெனக் கண்டு நிறுத்தப்பட்டது. முறை பொய்யன்று; 2018இல் அரியதொரு பரம்பரை நரம்பு நோய்க்கு, ஈரலிலே செயற்படும் மருந்தாக அது ஏற்கப்பட்டது.

கண்ணுக்கோ இன்று லேசர்க் கதிரும், அத்தூண்டற் புரதத்தைக் கட்டிப்போடும் ஊசிகளும் உள. பார்வை மங்குமுன் பரிசோதித்தாலே அவை நன்கு உதவும். ஆயின் கண்மணியை விரிக்கும் துளிமருந்து இட்டால் சில மணிநேரம் பார்வை கலங்கும்; கொழுந்து பறிப்பவளுக்கு அன்று பேர் விழாது. நீரிழிவுள்ள தொழிலாளிக்கு ஆண்டில் அந்த ஒரு நாளுக்குச் சம்பளம் தரவேண்டும் என்பதே என் கட்சி. தொழிற்சங்கங்கள் இதையுங் கேட்கலாம்.

கணக்கப்பிள்ளையிடம் பிற்பாதியைச் சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. வரும் செவ்வாயன்று முதல் பஸ்ஸில் இருவரும் கண் வைத்தியரிடம் போகிறோம்.