பரணில் கிடக்கும் கிதாபுகள்

தக்கலையில் பீர்முஹம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ஊர் கூடி விடிய விடியப் பாடுகிறார்கள். பலர் நாவில் இருந்ததால் அது தலைமுறைகள் கடந்து நிற்கிறது. ஆனால் நம் குமரி மாவட்ட வீடுகளில் முன்னோர் ஓதிய அரபுத்தமிழ் கிதாபுகள் பரணில் செல்லரிக்கின்றன. வாசிக்கத் தெரிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராக மறைகிறார்கள்.

காப்பாற்ற இன்று வழி உண்டு. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. எழுதியவர்கள் தன்னார்வலர்கள். 1981-ல் யாழ் நூலகம் எரிந்த இலங்கையில், 2005 முதல் ‘நூலகம்’ இணையத்தளம் தமிழ் நூல்களையும் பழைய இதழ்களையும் ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகிறது. அதில் முஸ்லிம்களின் வெளியீடுகளும் உண்டு.

நாமோ வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். விக்கிப்பீடியா சான்று கேட்கும்; வாட்ஸ்அப் கேட்காது. வந்த செய்தியை விசாரித்து உறுதி செய்யச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நம் வரலாற்றை நாம் எழுதாவிட்டால், அரைகுறையாகத் தெரிந்தவர் எழுதியதே நிலைத்துவிடும்.

இந்த விடுமுறையில் பிள்ளைகளிடம் கைபேசியைக் கொடுத்து, வீட்டுக் கிதாபின் பக்கங்களைப் படமெடுக்கச் சொல்வோம். பெரியவர் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் குரலையும் பதிவு செய்வோம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூலை வெளியிட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தடுக்காது. தாமதம் மட்டுமே தடை.