பதின்மூன்று வயதில் ஒரு சம்பாத்தியம்

பிள்ளைகளின் திறமையைக் கண்டு பூரிக்காத பெற்றோர் இல்லை. ஐந்து வயதுக் குழந்தை பாடினால் அண்டை வீட்டாரை அழைத்துக் கேட்கச் செய்கிறோம். இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் திறமை பணமாக மாறத் தொடங்கும் நாளில் ஒரு குடும்பத்தில் என்ன நேர்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை ஜெனிஃபர் காப்ரியாட்டியின் இளமைக் காலத்தை இம்மாதம் நம் வாசகர்முன் வைக்க விரும்புவது இதன் பொருட்டே.

1976 மார்ச்சில் பிறந்த ஜெனிஃபருக்கு மட்டையைப் பிடிக்கக் கற்றுத் தந்தவர் அவளுடைய தந்தை ஸ்டெஃபானோ, இத்தாலியிலிருந்து வந்தவர். மகளின் ஆற்றலை அவர் சரியாகவே கணித்தார் என்பதை மறுக்க இயலாது. 1990 மார்ச்சில், பதினான்கு வயது நிறைவதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் இருக்கையில், ஃபுளோரிடா மாநிலத்தின் போகா ரட்டோன் நகரில் அவள் தொழில்முறை ஆட்டக்காரியாகக் களமிறங்கினாள். முதல் பந்தை அடிக்குமுன்பே ஒரு காலணி நிறுவனமும் ஒரு மட்டை நிறுவனமும் இலட்சக்கணக்கான டாலருக்கு அவளோடு ஒப்பந்தம் செய்திருந்தன. அந்த முதல் பந்தயத்திலேயே இறுதி ஆட்டம்வரை சென்று கபிரியேலா சபாட்டினியிடம் தோற்றாள். அதே ஆண்டு பாரீஸ் நகரில் பிரெஞ்சுப் போட்டியின் அரையிறுதியை எட்டினாள். பதினான்கு வயதில் உலகின் முதல் பத்துப் பேருள் ஒருத்தி! நம் வீட்டுப் பெண் அந்த வயதில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கோடு மல்லாடிக் கொண்டிருப்பாள்.

1991-இல் விம்பிள்டனில், அம்மைதானத்தின் பட்டத்தை ஒன்பது முறை வென்றிருந்த மார்ட்டினா நவரத்திலோவாவைத் தோற்கடித்தாள். அவ்வாண்டே அமெரிக்கப் போட்டியின் அரையிறுதியில் மோனிகா செலஸுக்கு எதிராக வெற்றியின் வாயில்வரை வந்து, மூன்றாவது செட்டின் இறுதியில் நழுவவிட்டாள். அடுத்த ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கில், முதல் செட்டை இழந்தபின்னும் ஸ்டெஃபி கிராஃபை வென்று தங்கப் பதக்கம் அணிந்தபோது அவளுக்கு வயது பதினாறு.

உலகம் கைதட்டியது. ஆனால் தந்தையே பயிற்சியாளராகவும் இருக்கும் வீட்டில், ஆட்டத்தில் தோற்றுத் திரும்பும் மகள் ஆறுதலுக்கு யாரிடம் போவாள்? பயிற்சியாளர் கடிந்துகொள்ளலாம், அது அவர் கடமை. தந்தையோ அணைத்துக்கொள்ள வேண்டியவர். இவ்விருவரும் ஒருவரேயாகி, மகளின் வருமானமும் சேர்ந்துகொண்டால், எவ்வளவு அன்புள்ள தந்தைக்கும் அது கடினமான நிலைதான். ஸ்டெஃபானோவைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் இடத்தில் நாம் இருந்திருந்தால் வேறுவிதமாக நடந்திருப்போமா என்பது நமக்கே ஐயமாயிருக்கிறது.

1993-இல் அமெரிக்கப் போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்றபின் ஜெனிஃபர் ஆட்டத்தை விட்டு விலகினாள். வயது பதினேழு. 1994 மே மாதம் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதானாள். காவல்துறை எடுத்த அவளுடைய புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஒலிம்பிக் மேடையில் அவளைக் கொண்டாடியவர்களே அதையும் ஆர்வத்தோடு பார்த்தார்கள் என்பதை எழுதும்போது நமக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இவளுக்கு முன்பே ஆண்ட்ரியா ஜேகர் என்ற சிறுமி பதினான்கு வயதில் தொழில்முறை ஆட்டத்திற்கு வந்து, உலகின் இரண்டாம் இடத்தை எட்டி, இருபது வயதாகுமுன் தோள்பட்டைக் காயத்தால் முடங்கியிருந்தாள். (அவர் பிற்காலத்தில் நோயுற்ற குழந்தைகளுக்காக உழைத்து, 2006-இல் ஆங்கிலிக்கன் சபையில் துறவியானது தனிக் கதை.) ஆயினும் ஜெனிஃபரின் வீழ்ச்சிக்குப் பிறகே மகளிர் டென்னிஸ் சங்கம் விழித்துக்கொண்டது. 1995 முதல், பதினெட்டு வயது நிறையும்வரை ஆண்டுக்கு இத்தனை பந்தயங்கள்தாம் ஆடலாம் என வயதுவாரியாக வரம்பு விதித்தது. அதற்கு முன்பே தொழில்முறை ஆட்டத்தில் நுழைந்துவிட்டவர்களை அவ்வரம்பு கட்டுப்படுத்தவில்லை. பிள்ளையைக் காக்க வீட்டார் வகுக்க வேண்டிய எல்லையை ஒரு சங்கம் வகுக்க நேர்ந்தது.

இதுவரை ‘அவள்’ என்று எழுதினோம். இனி ‘அவர்’ என்பதே பொருந்தும். 1996-இல் திரும்பி வந்த ஜெனிஃபர் பல ஆண்டுகள் தோல்விகளையே சந்தித்தார். 1999-இல்தான் மீண்டும் ஒரு பட்டம் கிட்டியது. 2001 ஜனவரியில் ஆஸ்திரேலியப் போட்டியின் இறுதியில் மார்ட்டினா ஹிங்கிஸை வென்று முதல் பெரும் பட்டத்தை ஏந்தியபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. அவ்வாண்டு அக்டோபரில் உலகின் முதலிடத்தையும் பெற்றார்.

இடையில், 2001 ஜூன் 9 அன்று, பதினான்கு வயதில் தாம் அரையிறுதி ஆடிய அதே பாரீஸ் அரங்கில் அவர் இறுதி ஆட்டம் ஆடினார். முதல் செட்டை 1-6 என இழந்து, இரண்டாவதை 6-4 என வென்று, மூன்றாவதை 12-10 என்று முடித்தார். வலைக்கு அப்பால் நின்ற பெல்ஜிய நாட்டுப் பெண் கிம் கிளைஸ்டர்ஸுக்கு முந்தைய நாள்தான் பதினெட்டு வயது நிறைந்திருந்தது.