ஒரு டம்ளர் வயிறு



தீபாவளி மலர் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நாள் அது. அதிரசப் பாகுக்குச் சொன்ன பதம் சரிதானா என்று பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கடிதம் மேஜைக்கு வந்தது.

எழுதியவர் 38 வயது வாசகி. ஊர் வேண்டாம். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. எட்டு வருடமாகச் சர்க்கரை, மாடிப்படி ஏறவிடாத முழங்கால், பக்கத்து அறை வரை கேட்கும் குறட்டை. எடை குறைய இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொள்ள நாள் குறித்துவிட்டார். தீபாவளி முடிந்து பத்தாம் நாள். கணவருக்கு மட்டும் தெரியும். மாமியாரிடமும் நாத்தனாரிடமும் 'பித்தப்பையில் கல்' என்று சொல்லப்போகிறாராம். கடிதம் இப்படி முடிந்தது: 'பொய்தான். ஆனா தப்பா மேடம்?'

அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

பித்தப்பையில் கல் என்றால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருவார்கள். எடைக்கு ஆபரேஷன் என்றால், 'வாயைக் கட்டத் தெரியாதவ வயித்தைக் கட்டப் போயிட்டா' என்பார்கள். தூரத்து உறவுப் பெண் ஒருத்தியை அப்படிச் சொன்னதை இவரே காதால் கேட்டிருக்கிறார். பயப்படாமல் என்ன செய்வார்?

வாயைக் கட்டினால் போதும் என்பது எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு அல்ல. உடம்பு தன் எடையைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். பட்டினி கிடந்து பத்து கிலோ குறைத்தால், பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. உடம்பு செலவழிக்கும் சக்தி குறைகிறது. நம் வாசகியும் இருபது வருடத்தில் நாலைந்து முறை எடையைக் குறைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் போனது வட்டியோடு திரும்பி வந்தது. 'பத்து நாளில் ஐந்து கிலோ' மாதிரியான தலைப்புகள் நம் இதழிலும் வந்திருக்கின்றன. அதற்கு நானும் பொறுப்பு.

எடைக்கு ஆபரேஷன் என்பது நேற்று வந்த நாகரிகமும் இல்லை. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கு எடை ஏறாமல் இருப்பதைக் கவனித்த எட்வர்ட் மேசன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், 1966-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எடைக்காகவே முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். இன்று அதிகம் நடப்பது 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல நீண்ட குழாயாக்கிவிடுவார்கள். லிட்டர் கணக்கில் கொண்ட இடம் ஏறக்குறைய ஒரு காபி டம்ளர் அளவுக்குச் சுருங்கும். கிரெலின் பெருமளவு சுரப்பது வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான் என்பதால் பசியும் தணிகிறது.

பொய் விஷயத்துக்கு வருகிறேன். தப்பா சரியா என்பது எனக்குப் பெரிதில்லை. எனக்கு வேறு கவலை. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் காய்ச்சல், படபடவென்ற நெஞ்சுத் துடிப்பு, மூச்சுத்திணறல், தாங்க முடியாத வயிற்று வலி எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம், காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் நடக்கக்கூடியது. கணவர் வெளியூரில் இருக்கும் ஒரு நடுராத்திரியில் பக்கத்தில் இருக்கப்போவது மாமியார். அவர் டாக்டரிடம் 'கல்லு ஆபரேஷன்' என்று சொன்னால் என்ன ஆகும்? இன்னொன்று, எடை மளமளவென்று இறங்கும்போது பித்தப்பையில் நிஜமாகவே கல் உண்டாகலாம். அப்போது எந்த ஆபரேஷன் என்று சொல்வார் இவர்!

அவருடைய இன்னொரு கேள்வியைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றது. 'ஆபரேஷனுக்கு முன்னாடி ஆசை தீர எல்லாத்தையும் ஒரு தடவை சாப்பிட்டுடலாம்னு இருக்கேன்.' பிரியாணிக் கடை, பரோட்டாக் கடை, பால்கோவா என்று ஒரு பட்டியலே போட்டிருந்தார். இந்தக் கடைசி விருந்து ஆசை இவருக்கு மட்டும் வருவதில்லை. ஆனால் மருத்துவர்கள் கேட்பது நேர் எதிரானது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு மாவுச்சத்தும் கொழுப்பும் குறைத்து, புரதம் கூட்டிய பத்தியம் தருகிறார்கள். பருத்த உடம்பில் பெரும்பாலும் கல்லீரலும் கொழுப்பேறி வீங்கியிருக்கும். அதன் இடது மடல் இரைப்பையின் மேல் குடை மாதிரி கவிந்திருக்கும். சின்னத் துளைகள் வழியாகக் கருவியை நுழைத்து, அந்த மடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். இரண்டு வாரப் பத்தியத்தில் அது சுருங்கிக்கொடுக்கும். பிரியாணிக் கடைக்குப் போய்வந்தால் ஆபரேஷன் நடுவில் டாக்டருக்குத் தெரிந்துவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்தப் பத்தியத்தில் அளவை டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்.

குறட்டையையும் சொல்லிவிட வேண்டும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று சோதித்து, தேவைப்பட்டால் சில வாரம் முன்பே முகமூடிக் கருவியோடு தூங்கப் பழக்குவார்கள். மயக்க மருந்து டாக்டருக்கு இது முக்கியம். சிகரெட் பிடிப்பவர்கள் ஆறு வாரமாவது முன்பே விட்டாக வேண்டும். உறிஞ்சினால் மூன்று பந்துகள் மேலே ஏறும் பிளாஸ்டிக் கருவியை முன்னதாகவே வாங்கி மூச்சுப் பயிற்சி செய்யலாம். தினம் நடக்கலாம். சின்னக் கரண்டியால் எடுத்து, ஒரு வாய்க்கு இருபது முப்பது முறை மென்று, சாப்பாட்டின் நடுவில் தண்ணீர் குடிக்காமல் அரை மணி பொறுத்துக் குடிக்கப் பழகலாம். ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்து வளர்ந்த நமக்கு இந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டம்.

மனத் தயாரிப்பு என்றதும் பலர் மனநல ஆலோசகரிடம் அனுப்புவதைப் பரீட்சை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அவர் பாஸ் ஃபெயில் போட உட்கார்ந்திருக்கவில்லை. பசியில்லாமல் எப்போதெல்லாம் சாப்பிடுகிறோம் என்று நம்மோடு சேர்ந்து தேடுகிறவர் அவர். நான் வாசகியிடம் ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். அவர் கண்டுபிடித்தது: எல்லோரும் சாப்பிட்டபின் பிள்ளைகள் தட்டில் மிஞ்சியது, பாத்திரத்தில் ஒட்டியிருந்த கடைசிக் கரண்டி, நாளைக்கு ஊசிப்போய்விடும் என்ற குழம்பு. சோற்றை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர் தன் வயிற்றையே மிச்சம் போடும் பாத்திரமாக்கியிருந்தார். அடுத்தது, கணவரோடு சண்டை போட்ட இரவுகளின் மிக்சர் டப்பா. டாக்டரின் கத்தி இரைப்பையைத் தொடும், மிக்சர் டப்பாவைத் தொடாது.

ஆபரேஷனுக்குப் பிறகு, முதல் வாரங்களில் திரவ உணவு, பிறகு கூழ், பிறகு குழைந்தது என்று மெல்லத்தான் பழைய சாப்பாட்டுக்கு வர முடியும். 'எதுக்குடா இதைப் பண்ணிக்கிட்டோம்' என்று அழுகை வரும் நாள்கள் உண்டு. மூன்றாம் மாதம் முதல் தலைமுடி கொத்தாகக் கொட்டலாம். பெரும்பாலும் திரும்ப முளைக்கும். தோல் தொங்கலாம். வைட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதால் இளம்பெண்கள் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதிப்படி, உடல் நிறைக் குறியீடு (BMI) 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், டாக்டரின் பரிந்துரையோடு பாலிசி இதற்குக் கைகொடுக்கலாம். 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற நோய் இருந்தாலும் சரி. மற்ற வழிகள் பலிக்கவில்லை என்று காட்ட வேண்டும், காத்திருப்புக் காலமும் உண்டு. வாசகிக்குக் குறியீடு 45-ஐ ஒட்டி வருகிறது. மருத்துவ உலகம் இதைவிடத் தாராளம்: 2022-இல் அமெரிக்க, சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் ஆசியர்களுக்கு 27.5 முதலே இந்த வாய்ப்பை முன்வைக்க வேண்டும் என்றன. முன்வைக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள், ஓடிப்போய்ப் படுங்கள் என்று அல்ல. 2025-இல் நம் நாட்டுக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகள் தனக்குப் பொருந்துமா என்றும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

நான் அவருக்கு எழுதிய பதிலில் முக்கியமானவை இரண்டுதான். ஒன்று, தேதியைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். வீடெல்லாம் முறுக்கு வாசனை வீசும்போது கல்லீரல் பத்தியம் இருப்பது தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் தண்டனை. இரண்டு, மாமியாரிடம் 'பத்தியம்' என்ற சொல்லைச் சொல்லுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் பத்தியம் போட்ட கை அது. எதைக் கொடுக்கலாம், எதைத் தொடக் கூடாது, யார் வந்தாலும் எப்படி மறுத்துச் சொல்ல வேண்டும் என்று அந்தத் தலைமுறைக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 'பேரியாட்ரிக்' என்று இந்த ஆபரேஷனின் ஆங்கிலப் பெயரைச் சொன்னால்தான் மிரளுவார்கள்.

போன வாரம் அவரே தொலைபேசியில் பேசினார். தேதி கார்த்திகைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் மாமியார் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். நாலாம் நாள் அடுப்படியிலிருந்தே கேட்டாராம், 'பருப்புத் தண்ணியில பெருங்காயம் போடலாமா, கூடாதா?'

போடலாம் என்று டயட்டீஷியன் சொல்லிவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்